நோயுற்ற முதியோரை இல்லத்தே பேணுதல் சிவபுண்ணியமாமாறு

சிவமயம்



சைவ சித்தாந்த நூல்களைப் பயில்வோர் பெரும்பாலும் முத்தியின் இயல்பையும், அத்துவிதத்தின் பொருளையும், மலபரிபாகத்தின் முறையையும் ஆராய்ந்து மகிழ்வர். அவ்வாராய்ச்சி வேண்டற்பாலதே. ஆயினும், அந்நூல்களை ஓதும் அறைக்கு அடுத்த அறையிற் கட்டிலிற் கிடக்கும் முதிய தந்தையையோ, கைகால் வழங்காத தாயையோ, பிறவியிலேயே அறிவு முதிராத உடன்பிறப்பையோ பேணுமிடத்து ஓதிய நூல் நமக்கு யாது துணை செய்கின்றதென ஆராய்வார் சிலரேயாவர். அச்சிலருள் நாமும் சேர்தல் வேண்டுமென்னுங் கருத்தால், நோயுற்ற முதியோரையும் உறுப்புக் குறையுற்றோரையும் இல்லத்தே வைத்துப் பேணும் பணியை இத்திங்கட்குப் பொருளாகக் கொண்டாம்.

இப்பணி எக்காலத்தும் உள்ளதேயெனினும் இக்காலத்து மிகுந்து வருகின்றது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்நாட்டில் அறுபது அகவை நிரம்பினோர் தொகை 10 கோடிக்கு மேற்பட்டது. முன்னாளிற் காய்ச்சலும் பேதியும் கொள்ளை கொண்ட உயிர்கள் இந்நாளில் மருத்துவத்தால் நெடிது வாழ்கின்றன. அது மகிழ்தற்குரியது. ஆனால், வாழ்நாள் நீண்ட அளவிற்கு உடல்வலி நீண்டிலது. பக்கவாதம், நீரிழிவு, இடுப்பெலும்பு முறிவு, நடுக்குவாதம், மறதிநோய் என்பவற்றால் ஆண்டுக்கணக்கிற் பிறர் கையை எதிர்நோக்கி வாழ்வார் பலர். பண்டு ஒரு கூரையின்கீழ்ப் பத்துப்பேர் பகிர்ந்து செய்த பணியை இன்று ஒருவரோ இருவரோ தாங்குகின்றனர். மக்கள் கடல் கடந்து சென்றிருப்ப, எண்பது அகவைக் கணவரை எழுபத்தைந்து அகவை மனைவியார் தனியே தூக்கியிருத்தும் இல்லங்கள் ஊர்தோறும் உள.

அரசும் இதனை நோக்காதிருந்ததன்று. பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுதற்கென 2007ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பேணாத மக்கள்மீது பெற்றோர் தீர்ப்பாயத்திற் சென்று முறையிடலாம். பேணுவதாக உறுதி கூறிச் சொத்தைப் பெற்றுக்கொண்டு பின்னர்க் கைவிட்டாராயின் அக்கொடை செல்லாதென அறிவிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. முதியோரை ஒருபுறத்தே விட்டொழிந்து போவார்க்குச் சிறையும் தண்டமும் விதிக்கப்பட்டுள. இவை நல்லனவே. எனினும், சட்டம் பொருளை வாங்கித் தருமன்றி, நள்ளிரவில் நீர் வேட்கையால் வாடுவார் நாவை நனைக்க வல்லதன்று. அதனைச் செய்விப்பது அன்பும், அன்பிற்கு அடிப்படையாகிய தெளிவுமேயாம். அத்தெளிவைத் தடுக்கும் ஐயங்கள் மூன்று. அவற்றை முறையே எடுத்து ஆராய்வாம்.

முதலாவது ஐயம் வருமாறு: “எந்தையார் எம்மை அறிகின்றிலர், பெயர் மறந்தார், தாம் உண்டதையும் மறந்தார். அவ்வுடம்பிற்குள் எம் தந்தையார் இனி உளரென யாங்ஙனம் கொள்வது? இல்லாதவர்க்குச் செய்யும் பணியாற் பயன் என்னை?” இவ்வாறு வாய்விட்டுக் கூறாதாரும் நெஞ்சினுள் எண்ணி வருந்துவர். இவ்வருத்தம் இகழத்தக்கதன்று. மருத்துவ நூலார் இந்நோயின் வகைகளைப் பிரித்து அறிந்துள்ளார். அவற்றுட் பெருவரவிற்றாகியதொன்றை 1906ஆம் ஆண்டிற் செருமனி நாட்டு மருத்துவர் அலாய்சு அல்சைமர் என்பார் ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து வெளியிட்டார். மூளையின் நுண்ணணுக்கள் சிறிது சிறிதாகத் தேய்தலின் நினைவும், சொல்லும், செயலும் ஒன்றன்பின் ஒன்றாக அகலுகின்றன என்பது அவர்கள் துணிபு. அவற்றை முற்றும் மீட்கும் மருந்து இன்றளவும் கண்டறியப்பட்டிலது.

இனி, நம் மெய்கண்ட தேவர் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தில் நிறுவியதை நினைவு கூர்வாம். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களுள் எதுவும் ஆன்மாவன்று. அரசன் அமைச்சரோடு கூடி அரசு செலுத்துமாறு போல, ஆன்மா அக்கருவிகளோடு கூடி நின்று அறிகின்றதென்பது அச்சூத்திரக் கருத்து. அமைச்சர் ஒருவர்பின் ஒருவராக அவை நீங்கினாராயின் அரசன் ஆணை வெளியே செல்லாது. வெளியே செல்லாமை பற்றி அரண்மனையுள் அரசன் இலன் என்பார் உளரோ? அதுபோலவே, நினைவிற்குரிய கருவி பழுதுபட்டவிடத்து நினைவு வெளிப்படாதன்றி, நினைத்தற்குரிய உயிர் அழிந்ததில்லை. எழுத்தாணி முரிந்த புலவன் எழுதானாயினும் புலவனே.

சாக்கிரத்தில் 35 கருவிகளோடும், சொப்பனத்தில் 25 கருவிகளோடும், சுழுத்தியில் 3 கருவிகளோடும், துரியத்தில் இரண்டோடும், துரியாதீதத்தில் ஒன்றாகிய புருடனோடும் ஆன்மா நிற்குமென நாம் மாணாக்கர்க்கு நாடோறும் பாடம் சொல்லுகின்றோம். இரவுதோறும் நம் உற்றார் கருவி கழன்று கிடக்கின்றனர். அவர் பக்கத்திலிருந்து, “இவர் ஒழிந்தார்” என்று நாம் அழுகின்றோமில்லை. உறங்கும் மகவின்மேல் ஆடை போர்த்தும் தாய், அம்மகவு தன்னை அறியாதென்று போர்த்தாது விடுகின்றாளில்லை. நாளிறுதியிற் கருவிகள் கழலுதற்குச் செய்யும் இத்தொண்டை, வாழ்நாளிறுதியிற் கருவிகள் கழலுதற்குச் செய்ய மறுப்பது எவ்வாறு பொருந்தும்? “அவர் எம்மை அறியார்” என்பது உண்மையாகலாம். அவரை நாம் அறிவோமன்றோ? உடம்போடு கூடி நிற்கும் உயிர்க்கு அறிவு பிறராற் காட்டவே விளங்குமென்பது நம் கோட்பாடு. அவர்க்கு அவரை நினைவூட்டுதல் இப்போது நம் கடனாயிற்று.

இத்தெளிவிலிருந்து ஒழுகலாறுகள் சில தாமே பிறக்கும். கட்டிலிற் கிடப்பாரைப் பொருளைப் புரட்டுவதுபோலப் புரட்டலாகாது. “அப்பா, இப்போது வலப்புறம் திருப்புகின்றேன்” என்று சொல்லித் திருப்புக. அவர் முன்னிலையில் அவரை இல்லாதார்போல வைத்துப் பிறரோடு அவர் குறை பேசற்க. “யான் யார், சொல்லுங்கள்” என்று வருவாரெல்லாம் தேர்வு வையற்க. “யான் உங்கள் மகன், வந்திருக்கின்றேன்” என்று முற்படச் சொல்லுக. அவர் கூறும் பிழையை வழக்காடித் திருத்தற்க. இறந்துபட்ட தம் அன்னையைத் தேடுவாராயின், “அவர் இறந்து நாற்பதாண்டாயிற்று” என்று கூறி நாடோறும் புதிய இழவை அவர்க்குத் தாரற்க, “பாட்டியார் நுமக்கு என்ன சமைத்துத் தருவார்?” என்று வினவி அவ்வன்பின் வழியே செல்லுக. பிற நினைவுகள் அகன்ற பின்னரும் இளமையிற் பயின்ற இசை நெடுநாள் நிற்குமென மருத்துவரும் கூறுவர். தேவாரம் ஓதி வளர்ந்த முதியவர் ஒருவர், மக்கள் பெயரனைத்தும் மறந்த நிலையில், பக்கத்திலிருந்தார் பதிகத்தைப் பண்ணோடு தொடங்கியவுடன் உதடு அசைத்து உடன்வந்ததை யாம் கண்டிருக்கின்றேம். ஓதுதற்கு நம்பால் நேரமில்லை என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இரண்டாவது ஐயம்: “நோய் அவர்தம் பிராரத்தம், நுகர்ந்தே கழிதற்பாலது. அதனை யாம் குறைக்கப் புகுவது வினைக்கு இடையூறு செய்வதன்றோ?” இவ்வினா சித்தாந்தம் அறிந்தார் வாயினின்று வருதலே மிக வருந்தத்தக்கது. நோயுறுதல் பிராரத்தமாயின் மருந்து கிடைத்தலும் பிராரத்தமே. உதவும் கை வந்தடைதலும் பிராரத்தமே. துன்பத்தை மட்டும் வினைக்கணக்கில் எழுதி, ஆறுதலை அக்கணக்கினின்று நீக்குதற்கு நமக்கு உரிமை தந்தார் யார்? வினையின் அளவை அறிந்து ஊட்டுவான் இறைவனேயன்றி நாமல்லேம். மேலும், பிறர் பிராரத்தத்தை ஆராய்ந்து வாளா இருப்பவன், அவ்விருப்பினாலேயே தனக்கு ஆகாமியத்தை ஈட்டிக்கொள்கின்றான். பிறருடைய பழவினையைப் பற்றிப் பேசுதற்கு எடுத்துக்கொண்ட பொழுதே தன்னுடைய புதுவினை விளைந்த பொழுதாயிற்று.

திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றை நோக்குக. அவர்க்கு வந்த சூலை நோய், இறைவன் அவரை ஆட்கொள்ளுதற்பொருட்டுத் தந்ததென்பது சேக்கிழார் பெருமான் திருவாக்கால் நாம் அறிந்தது. நோய் தீர்க்கலாற்றாமையின் உடனிருந்தார் கைவிட்டனர். அந்நிலையில் அவர் நாடிச் சென்றது திருவதிகையில் இருந்த தம் தமக்கையார் திலகவதியார் இல்லத்தையன்றோ? “இது நின் வினைப்பயன், நீயே நுகர்க” என்று அவ்வம்மையார் கதவடைத்தாரல்லர். இறைவன் தந்த நோயேயாயினும் தளர்ந்து விழுந்த தம்பியை ஏற்றார், திருநீறு அளித்தார், திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அருள் நோயாகவும் வரும். அவ்வருளே தமக்கையாகவும் வந்து கதவு திறக்கும். அந்நோயைத் தந்தவனும் அக்கதவைத் திறப்பித்தவனும் ஒருவனே என்று தெளிந்தார்க்கு இவ்வையம் எழாது.

மூன்றாவது ஐயம் நம் போன்ற பூசையுடையார்க்கும் மடங்களைச் சார்ந்தார்க்கும் சிறப்பாக உரியது. “மலசலம் துடைத்த கையால் ஆன்மார்த்த பூசை செய்தல் எங்ஙனம்? பூசைக்குரிய காலம் நோயாளர் பணியிற் கழிந்தால் நியமம் குன்றாதோ?” என்பர். இதற்கு விடை எளிது. அழுக்குத் தொட்ட கை நீராற் றூயதாகும். நீராடி, தோய்த்த ஆடை உடுத்து, நீறணிந்து பூசைக்கு அமர்தலை எந்நூலும் விலக்கவில்லை. குழந்தையின் அழுக்கை நாடோறும் துடைக்கும் தாய்மார் பூசைக்குத் தகுதியிலர் என்று கூறத் துணிவாரும் இலர். மகவு செய்த அழுக்கிற்கு ஒரு முறையும், அம்மகவை வளர்த்தார் முதுமையிற் செய்த அழுக்கிற்கு வேறொரு முறையும் வகுப்பது ஆசாரமன்று. அருவருப்பிற்கு ஆசாரம் என்று பெயரிட்டதேயாம். காலக் குறைவு நேர்ந்தவழிப் பூசையைச் சுருக்கியும், அகத்தே நிகழ்த்தியும், உடன்றீக்கை பெற்றார் கையிற் செய்வித்தும் நிறைவு செய்யும் வகைகளைத் தத்தம் ஆசிரியரை வினவித் தெரிந்துகொள்க. எழுந்து நீராடலாகாத நோயாளர்க்கு வெந்நீரில் நனைத்த துணியால் மெய் துடைத்து, ஆக்கினேய ஸ்நானமாகத் திருநீறு அணிவித்தல் சாலும். அதனை நாடோறும் தவறாது செய்யின் படுக்கையும் பூசைக்குரிய இடமாகும்.

ஈண்டு ஒரு தடை எழும்: “பெற்றோர்க்குச் செய்வது பசுபுண்ணியமேயன்றோ? அது போகத்தைத் தந்து பிறவியைத் தொடர்விக்குமன்றி வீட்டிற்கு ஏதுவாகாதே.” ஊரார் புகழ்தற்கெனவும், சொத்து வருதற்கெனவும், பழிக்கு அஞ்சியும் செய்யப்படுவது பசுபுண்ணியமே, அதனை மறுத்தற்கில்லை. ஆனால், செயல் ஒன்றேயாயினும் கருத்து வேறுபடப் பயன் வேறுபடும். இறைவனுக்குரிய எட்டு மூர்த்தங்களை எண்ணுமிடத்து, நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள் என்பவற்றோடு எட்டாவதாக உயிரும் எண்ணப்படுகின்றதன்றோ? கட்டிலிற் கிடக்கும் அவ்வுயிரிற் பிரிப்பின்றி இறைவன் நிற்கின்றானென்று உணர்ந்து, பயன் கருதாது செய்வதாயின் அது சிவபுண்ணியமாதற்குத் தடையென்னை? பிறர் மலத்தைத் துடைப்பார்க்குத் தம் மலம் நீங்குமோ என்பார்க்கு, ஆணவமலம் திருவருளாலன்றி நீங்காது என்பதே விடை. ஆயினும், அம்மலம் பரிபாகமுறுதற்கு உரிய பணி எதுவென்று தேடுவார்க்கு, “யான்”, “எனது” என்னும் செருக்கு இரவு இரண்டு மணிக்கு எழுந்து படுக்கை மாற்றுமிடத்துத் தேய்வதுபோல வேறிடத்துத் தேய்வது அரிது.

இறைவன்றானே இப்பணியைச் செய்து காட்டினான் என்பதும் நம்மவர் அறிந்ததே. திருச்சிராப்பள்ளியிற் கருவுயிர்க்கும் மகளுக்குத் துணையாக வருந் தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, அத்தாய் வடிவிற்றானே வந்து பேணினமையால் அவனுக்குத் தாயுமானவன் என்னும் பெயர் வந்தது. மதுரையில் மக்களும் சுற்றமும் இல்லாத மூதாட்டி வந்திக்காக மண் சுமந்து அடியும் பட்டான். துணையற்ற முதுமைக்கு ஆளாக வந்து நிற்றல் இறைவனுக்கே இழிவன்றாயிற்று. அவனடியார் என்று கூறிக்கொள்வார்க்கு அஃது எவ்வாறு இழிவாகும்?

இனி, அன்பு ஒன்றே அமையாது. முறையும் அறிதல் வேண்டும். பூசைக்கு அன்போடு கிரியையும் வேண்டுமாறுபோல என்க. ஆகலின், மருத்துவரும் செவிலியரும் கூறும் நெறிகளுட் சிலவற்றைத் தொகுத்துக் கூறுவாம்.

தாமே புரளமாட்டாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல் வேண்டும். ஒரே இடத்தில் உடற்பாரம் அழுந்துமாயின் அங்கே குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை அழுகிப் படுக்கைப்புண் உண்டாகும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், தோட்பட்டை, முழங்கை என்னும் இடங்களை நாடோறும் பார்க்க. சிவந்து, அழுத்தியும் நிறம் மாறாதிருப்பின் அது புண்ணின் முன்னறிகுறி. விரிப்புச் சுருக்கமின்றியும் ஈரமின்றியும் இருக்கவேண்டும். காற்றுப் படுக்கை உதவுமாயினும் அதனை நம்பிப் பக்கம் மாற்றுதலை விடற்க. சிவந்த இடத்தை வலிந்து தேய்த்தலும் ஆகாது.

பக்கவாதமுற்றார்க்கு விழுங்குதல் தடுமாறும். படுத்தபடி ஊட்டுதல் பெருந்தீங்கு. உணவு மூச்சுக்குழலிற் சென்று நுரையீரலிற் காய்ச்சலை விளைக்கும். நிமிர்த்தி இருத்தி, சிறு கவளமாக ஊட்டி, முன்னது விழுங்கிய பின்னரே அடுத்ததைத் தருக. உண்டபின் அரைமணி நேரமேனும் சாய்ந்தேனும் இருத்துக. ஊட்டுந்தோறும் இருமுவாராயின் மருத்துவர்க்கு அறிவிக்க. சிறுநீர்க்கு எழுப்பவேண்டுமே யென்று நீரைக் குறைத்தல் பலவிடத்தும் நிகழ்வது. அதனால் மலக்கட்டும், சிறுநீர்த் தொற்றும், மயக்கமும் வரும்.

முதியோர் விழுதல் பெரும்பாலும் குளியலறையிலும் இரவிலுமே நிகழும். அங்கே பிடிகம்பி பொருத்துக, தரையை உலர்த்துக, கட்டிலிலிருந்து கழிப்பறைவரை சிறு விளக்கு எரிக, வழியிற் சுருண்ட பாயும் கம்பளமும் கிடத்தலாகாது. நீரிழிவுடையார் காலடியை நாடோறும் பார்த்துவருக. அவர்க்கு முள் குத்தினும் தெரியாது. செவிப்புலன் குறைந்தாரிடம் கூச்சலிடற்க. முகத்தெதிரே நின்று நிறுத்திப் பேசுக. நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றுவாராயின், “முதுமை” என்று வாளா இருத்தல் தவறு. பெரும்பாலும் அது தொற்று, மருந்தின் மாறுபாடு, உப்புக் குறைவு என்பவற்றின் அறிகுறி. அன்றே மருத்துவரை நாடுக. முகம் கோணலும், கை தளர்தலும், சொல் குழறலும் திடீரென நிகழின் ஒரு நாழிகையும் தாழ்க்காது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுக. பக்கவாதத்தில் முதற் சில மணி நேரமே மீட்சிக்குரியது.

இல்லந்தேடி வரும் உதவியும் இக்காலத்து உளது. நம் தமிழகத்தில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னுந் திட்டத்தில், நாட்பட்ட நோயாளர்க்கு மருந்து வழங்கலோடு, இயன்முறைப் பயிற்சியும், தீராநோயாளர்க்கு வலி தணிக்கும் பேணலும் இல்லத்தே அளிக்க வகை செய்யப்பட்டது. கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டு சிலர் தொடங்கிய வலி தணிப்புப் பணி, ஊர்மக்களே பயிற்சி பெற்று வீடுதோறும் சென்று பேணும் இயக்கமாகக் கேரளத்திற் பரந்தது. தீராநோயில் வலியைத் தணித்தல் வினையைத் தடுத்தலன்றென மேலே கூறினாம். வலியால் அலறும் உள்ளம் ஐந்தெழுத்தை எண்ணுதல் அரிது; வலி தணிந்த உள்ளத்திற்கு அது கூடும்.

உறுப்புக் குறையுடையாரைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். அவர்க்கெல்லாவற்றையும் நாமே செய்துவிடுதல் அன்பென்று மயங்குவார் பலர். பிறவியிற் கண்ணிலராகிய தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தோண்டினார். கரையிலும் குளத்திலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். அவர்க்கு வேண்டியது இரக்கமன்று. ஒரு கயிறும் இரு தறியுமே. நம் இல்லத்துக் குறையுடையார்க்கும் அத்தகைய கயிறு எது, தறி எது என்று கண்டு அமைத்துக் கொடுத்தலே உண்மைப் பேணல். தாமே பிசைந்து உண்ணவல்லாரை ஊட்டற்க, சிந்தினும் சிந்துக. தாமே நீறணிய வல்லார் கையிற் சம்புடத்தைக் கொடுக்க, கோணினும் கோணுக.

இனிச் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கும். ஆயினும் சொல்லாதிருத்தல் அறமன்று. இப்பணி நம் இல்லங்களிற் பெரும்பாலும் பெண்டிர் தலைமேலதாய் விடுகின்றது. மகன் என்னும் பெயர் ஆடவர்க்கு, பணி மருமகட்கு. தந்தை இறந்தபின் தர்ப்பை ஏந்துதற்கு முன்வரும் கை, அவர் இருக்கும்போது எச்சிற்கலம் ஏந்துதற்கு முன்வருவதில்லை. ஆண்டுதோறும் ஒருநாள் செய்யும் சிராத்தத்திற்குச் சிரத்தை வேண்டுமென்று பேசுவார், நாடோறும் செய்யும் பணிக்குச் சிரத்தை வேண்டுமென்று எண்ணுவதில்லை. தம்மைப் பெறாத மாமியாரை ஆண்டுக்கணக்காகத் தூக்கிப் பேணும் மருமகளிர் செய்வது, எவ்வகை உரிமையும் பயனும் கருதாத தொண்டு; அவர் பெயர் எச்சபையிலும் எடுத்துரைக்கப்படுவதில்லை. இதனைப் படிக்கும் ஆடவர் அன்றிரவே ஒரு முறைப் பணியைத் தாம் ஏற்றுக்கொள்ளுவாராயின் இக்கட்டுரை எழுதியதற்குப் பயன் கிடைத்ததாம்.

பேணுவாரும் உடம்புடையாரே. நெடுநாள் உறக்கமிழந்தார்க்குச் சினம் வரும். “இது எப்போது முடியும்” என்னும் எண்ணமும் வரும். அவ்வெண்ணம் வந்தமை பற்றித் தம்மைத் தாமே பாவியென்று இகழற்க. கருவி தளர்ந்தமையின் எழுந்த எண்ணம் அது. சினம் எழும்போது நோயாளரைப் பாதுகாப்பாகக் கிடத்திச் சற்றே வெளியே வந்து மூச்சு விடுக, பிறரைத் துணைக்கழைக்க. உடன்பிறந்தார் பலரிருப்பின் பணியைப் பகுத்துக்கொள்க. தொலைவிலிருப்பார் பொருளாலும், ஆண்டிற்குச் சில கிழமை வந்திருந்து பேணுவாரை ஓய்வுகொள்ள விடுதலாலும் பங்கேற்க. கூலிக்குச் செவிலியரை அமர்த்துதல் இழுக்கன்று. அவரை இழிவாக நடத்துதலே இழுக்கு. எவ்வாற்றானும் இல்லத்தே இயலாதவிடத்து நல்லதொரு பேணகத்திற் சேர்த்து அடிக்கடி சென்று காண்டல் கைவிடலாகாது. இல்லத்திலேயே வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, கலத்தைத் தள்ளிவிட்டுப் போதலே கைவிடலாகும்.

மடங்களைச் சார்ந்த பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். துறந்தார்க்கு மக்களில்லை, ஆசிரியர் மரபே அவர்க்குக் குடும்பம். முதுமையுற்ற தம்பிரான்மார்க்கும், ஊதியமின்றி ஓய்ந்த ஓதுவார்க்கும், தமிழாசிரியர்க்கும் தரைத்தளத்தில் ஓரறையும், பிடிகம்பி அமைந்த குளியலறையும், இரவில் உடனிருக்க ஒருவரும் அமைத்தல் அறக்கட்டளைக்குரிய செலவே. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழர் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 15 படுக்கையுடைய ஆதுலசாலை ஒன்றற்கு மருத்துவர்க்கும், அறுவை செய்வார்க்கும், மருந்து கொணர்வார்க்கும், நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும் நிவந்தம் வகுத்தமையைக் கூறுகின்றது. விளக்கெரித்தற்குக் கொடுத்த கோயிலறம் நோயாளர் பேணுதற்கும் கொடுத்ததென்பதற்கு அக்கல்லே சான்று. அன்றியும், இளைய ஓதுவார் கிழமைக்கு ஒருமுறை படுக்கையிற் கிடக்கும் அடியார் இல்லங்களுக்குச் சென்று ஒரு பதிகம் ஓதிவரும் முறையை மடங்கள் ஏற்படுத்துமாயின், கோயிலுக்கு வரமாட்டாதார்க்குக் கோயில் சென்றதாகும்.

இறுதியாக, அறுபது கடந்த எம்மனோர்க்கும் சொல்லவேண்டுவது ஒன்றுண்டு. நாமும் அக்கட்டிலை நோக்கியே நடக்கின்றோம். பேணுதல் எவ்வாறு நோன்போ அவ்வாறே பேணப்படுதலும் நோன்பு. வாழ்நாள் முழுதும் கொடுத்துப் பழகிய கைக்கு ஏற்றல் அரிது. சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணொளி இழந்து வருந்தி வருங்கால், திருவெண்பாக்கத்தில் இறைவன் அளித்தது கண்ணன்று, ஊன்றுகோல். இறைவன் தோழராகிய அவரே அக்கோலை ஊன்றி வழிநடந்தார். ஒளி பின்னர்க் காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் ஒன்றுமாக வந்தது; அதுவரை நடத்தியது அக்கோலே. நமக்கு மக்களாகவும், மருமகளாகவும், கூலிபெற்று வந்த ஏழைப்பெண்ணாகவும் இறைவன் தரும் ஊன்றுகோலை முகங்கோணாது ஏற்போமாக. செய்தார்க்கு நன்றி கூறுவோமாக. பிறரைக் கொண்டு மெய் துடைப்பிக்க நாணுமிடத்து, அந்நாணம் “யான்” என்பதன் கடைசி வேரென உணர்ந்து அதனையும் அவன் திருவடிக்கே வைப்போமாக.

அன்பர்காள்! சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுமாறு அறிவுறுத்தி நூலை முடிக்கின்றது. நூல் முடிந்த அவ்விடத்தே நம் பணி தொடங்குகின்றது. இவ்விதழை மூடியபின் அடுத்த அறைக்குச் செல்லுங்கள். அங்கே கிடப்பவர்க்கு நீர் வேண்டுமோ என்று வினவுங்கள். அவர் விடை கூறமாட்டாராயின், உதட்டை நனைத்துப் பாருங்கள்.

திருச்சிற்றம்பலம்